போகிக்குள் ஓதச் சுவர், பொங்கலுக்கு மாடி அடுப்பு: செய்து பார்த்த அனுபவம்

வீடு ராயபுரத்தில், கடலுக்குப் பக்கம். ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், சுண்ணாம்புச் சாந்து, அதன் மேல் பிற்காலத்தில் அடித்த சிமென்ட் பூச்சு, அதற்கும் மேல் எமல்ஷன் பெயிண்ட். வடசென்னையில் பழைய வீடு வைத்திருப்பவர்களுக்கு மிச்சத்தைச் சொல்ல வேண்டியதில்லை. ஓதம், அதாவது சுவருக்குள் ஏறும் ஈரம், ஏறினால் இடுப்பு உயரம் வரை பெயிண்ட் கொப்புளித்து நிற்கும், கை பட்டால் வெள்ளைப் பொடி உதிரும். போகிக்குப் போகி சுரண்டிப் பட்டி வைத்து அடிப்பார்கள், அடுத்த மழைக்குள் மறுபடி பூக்கும். இந்தப் பொங்கலுக்குள் ஹாலின் தெருப்பக்கச் சுவரும் சமையல் மேடையும் முடிய வேண்டும் என்று கணக்குப் போட்டோம். சுவர் என் பொறுப்பு, பொங்கல் பானை வீட்டில் சமைப்பவர் பொறுப்பு.

ஐப்பசி: ஈரம் எங்கிருந்து வருகிறது

உளியை எடுப்பதற்கு முன் ஒரு சின்னச் சோதனை. ஓரடிக்கு ஓரடி பாலித்தீன் ஷீட்டை நாலு பக்கமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டி, இரண்டு நாள் விட வேண்டும். ஷீட்டின் உள்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர் நின்றால் சுவருக்குள் ஈரம். வெளிப்பக்கம் மட்டும் வேர்த்தால் அது காற்றிலுள்ள ஈரம், ஜன்னல் திறந்து வைத்தாலே பாதி சரியாகும். தரையிலிருந்து அரை அடி, இரண்டடி, நாலடி என்று மூன்று உயரத்தில் ஒட்டினால்தான் படம் தெளிவாகும். கீழே ஈரம், மேலே காய்ந்திருக்கிறது என்றால் தரையிலிருந்து ஏறும் ஓதம். மேலேயும் ஈரம் இருந்தால் பைப்பையோ மொட்டை மாடியையோ முதலில் பார்க்க வேண்டும்.

எங்கள் பகுதியில் பலரும் கவனிக்காத ஒன்று தெரு மட்டம். ரோடு போடும்போதெல்லாம் மேலே மேலே போட்டதில் பல வீடுகளின் உள்தரை ரோட்டைவிடத் தாழ்ந்து கிடக்கிறது. வாசல் பக்கம் தேங்கும் மழைத் தண்ணீர் நேராக அஸ்திவாரத்துக்குத்தான் போகும். சுவரை ஒட்டி ஓரடி அகலத்துக்கு வெளிப்பக்கமாகச் சரிவு கொடுத்துத் தளம் போட்டதும், மாடித் தண்ணீர் பைப்பைச் சுவரடியில் கொட்டவிடாமல் நீட்டியதும்தான் இந்த வேலையிலேயே மலிவானவை. பலன் அதிகம் கிடைத்ததும் இவற்றில்தான்.

ஓதத்தைத் தடுக்கச் சுவரில் துளை போட்டு ரசாயனம் ஏற்றும் முறையைப் பற்றிக் கேட்டோம். சாந்து கெட்டியாக, இடைவெளி இல்லாமல் இருக்கும் சுவருக்கு அது சரி. சுண்ணாம்புச் சாந்து பொடிந்து உள்ளே பொந்து விழுந்த சுவரில் மருந்து எந்தப் பக்கம் ஓடும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. விட்டுவிட்டோம்.

கார்த்திகை: உரித்தல், உப்பு எடுத்தல்

சிமென்ட் பூச்சை ஈரக் கறைக்கு மேல் ஒன்றரை அடி வரை உரிக்க வேண்டும். கறை வரை மட்டும் உரித்தால் அதற்கு மேலே புதிதாக ஒரு கோடு கிளம்பும். சிமென்ட் பூச்சு அடர்த்தி, ஈரம் அதைத் தாண்டி வெளியே வர வழியில்லாமல் மேலே ஏறும். அந்தக் காலச் செங்கல் மெத்தென்று இருக்கும், டிரில் மெஷின் வைத்தால் முகம் பெயர்ந்துவிடும். கையுளியும் சின்னச் சுத்தியலும் போதும். செங்கல் இடுக்குச் சாந்தை அரை அங்குலத்துக்குச் சற்றுக் கூடுதலாகச் சுரண்டி எடுத்தால் புதுப் பூச்சுக்குப் பிடி கிடைக்கும்.

உரித்ததும் கொத்தனார்கள் வாளித் தண்ணீரை அடித்துக் கழுவப் பார்ப்பார்கள். கழுவினால் மேலே இருக்கும் உப்பு கரைந்து மறுபடி செங்கல்லுக்குள்ளேயே போய்விடும். காய்ந்த பிரஷ்ஷால் தட்டி, கீழே ஷீட் விரித்து, பொடியை அள்ளி வெளியே போட வேண்டும். சுவரடியில் பெருக்கி ஒதுக்குவதும் அதே தப்புதான்.

அதன் பிறகு பற்று, அதாவது சுவரிலுள்ள உப்பை உறிஞ்சி எடுக்க மேலே அப்பும் கலவை. முட்டை அட்டையை ஊறவைத்து அரைத்த காகிதக் கூழ், சலித்த களிமண், மெல்லிய மணல், மூன்றும் ஒரே அளவு. மெட்ரோ தண்ணீரில்தான் (குடிநீர் வாரியத் தண்ணீர்) குழைக்க வேண்டும். அடிபம்புத் தண்ணீர் உப்பாக இருந்தால் உப்பை எடுப்பதற்குப் பதில் ஏற்றுகிற வேலையாகிவிடும். சுவரை லேசாக நனைத்து முக்கால் அங்குலக் கனத்தில் அப்பி, தானாகக் காய்ந்து வெடிக்கும் வரை தொடக்கூடாது. உள்ளே கரைந்த உப்பு ஈரத்தோடு பற்றுக்கு வந்து அங்கே தங்கிவிடும். உரித்த பற்றில் ஒரு ஸ்பூனை ஒரு டம்ளர் ஆர்.ஓ. தண்ணீரில் கலக்கித் தெளியவைத்து, தண்ணீரில் கரைந்த உப்பைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரில் பார்த்தால் முதல் பற்றுக்கும் அடுத்ததற்கும் எண் எவ்வளவு இறங்குகிறது என்று தெரியும். பாதிக்குக் கீழே இறங்கும் வரை திரும்பத் திரும்பப் போடலாம். பெரும்பாலும் மூன்று பற்று வேண்டியிருக்கும். கார்த்திகை மழையில் ஒவ்வொன்றும் காய நாளாகும். இங்கே அவசரப்பட்டால் மேலே செய்கிற எல்லாம் வீண்.

சாப்பாட்டு உப்பு காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 சதவீதத்தைத் தாண்டினால் தானாகவே ஈரத்தை இழுக்கும். கடலோரத்தில் இரவுக் காற்று அதைச் சுலபமாகத் தாண்டும். சொட்டு மழை இல்லாத நாளில்கூட மாலையில் சுவர் வேர்ப்பது அதனால்தான். நடுப்பகலில் ஜன்னலைத் திறந்து, பொழுது சாய்ந்ததும் மூடுவது இதற்காக.

மார்கழி: பூச்சும் வெள்ளையும்

பூச்சுக்கு ஊறின சுண்ணாம்பு ஒரு பங்கு, மணல் மூன்று பங்கு. சிமென்ட் ஒரு கரண்டிகூட வேண்டாம். இத்தனைக்கும் இந்தியாவில் போர்ட்லேண்ட் சிமென்ட் தயாரிப்பு 1904-ல் தொடங்கியது இதே மெட்ராஸில்தான். கடுக்காயை உடைத்து வெல்லத்தோடு ஊறவைத்த தண்ணீரைச் சாந்தில் சேர்ப்பது பழைய கொத்தனார் வழக்கம், குழைவு நன்றாக வரும். அந்தத் தண்ணீர் புளித்து நாறும், சமையலறைப் பக்கம் வைக்காதீர்கள்.

முதல் பூச்சு அரை அங்குலத்துக்கு மேல் போகக்கூடாது. கட்டைவிரல் நகம் பதியாத அளவு இறுகிய பிறகே இரண்டாவது. சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்து இறுகுவது, சிமென்ட்டைப் போல ராத்திரியோடு ராத்திரியாகக் கட்டாது. சீக்கிரம் காயட்டும் என்று ஃபேனை நேராகத் திருப்பினால் தலைமுடி போல வெடிப்பு ஓடும். ஈரச் சாக்கைத் தொங்கவிட்டு மெதுவாகக் காயவிட வேண்டும்.

வெள்ளையடிக்க: நீறாத சுண்ணாம்பு ஒரு கிலோவுக்கு ஐந்து லிட்டர் தண்ணீர். இரும்பு டிரம்மில் தண்ணீரை முதலில் ஊற்றி, கல்லை ஒவ்வொன்றாகப் போட வேண்டும். கல் மேல் தண்ணீரை ஊற்றினால் சீறித் தெறிக்கும், பிளாஸ்டிக் பக்கெட் இளகிவிடும். கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் பக்கத்தில் போகவே கூடாது. ஒரு நாள் முழுக்க ஊறவிட்டு, துணியில் வடிகட்டி, வெந்நீரில் கரைத்த கோந்து சேர்க்க வேண்டும். நீலம் கிலோவுக்கு 3 கிராமுக்குள், அதற்கு மேல் போனால் சுவர் ஆஸ்பத்திரி நிறம் காட்டும். சுவரை முதலில் நனைத்துவிட்டு, பால் போல நீர்த்து, ஒரு கை மேலிருந்து கீழாக, அது காய்ந்ததும் அடுத்த கை இடவலமாக. மூன்று கை. ஈரத்தில் பார்த்தால் ஒன்றுமே அடிக்காதது போல இருக்கும், காய்ந்தால்தான் வெளுக்கும். அதை நம்பாமல் கெட்டியாக அடித்தால் அப்பளமாக உரியும்.

சமையல் மேடையில் நீண்ட கதை இல்லை. உயரம் 33 அங்குலம், சமைப்பவரின் முழங்கைக்கு அரையடி கீழே வந்தால் சரி. கிரானைட்டுக்குத் தொட்டிப் பக்கம் லேசான சரிவு, முன் விளிம்பின் அடியில் ஒரு காடி (நீளப் பள்ளக் கோடு). அந்தக் காடி இல்லாவிட்டால் வழியும் தண்ணீர் கல்லின் அடிப்பக்கமாக ஊர்ந்து அலமாரிப் பலகையை ஊறவைக்கும். கல்லும் சுவரும் சேரும் இடத்தில் வெள்ளை சிமென்ட் வெடிக்கும், சிலிகான்தான் நிற்கும். காய்ந்த இடத்தில் மட்டும் போடுங்கள்.

போகிக்கு முந்தின வாரம்: மாடி அடுப்பு

பொங்கல் பொங்குவது மொட்டை மாடியில். தட்டோடு (தட்டையான சுட்ட ஓடு) பதித்த மாடியில் நேராகச் செங்கல் வைத்து எரித்தால், மழையில் ஊறிய ஓட்டின் அடியில் ஈரம் ஆவியாகி ஓடு பட்டென்று எழும்பும். அடுத்த மழைக்கு அந்த இடம்தான் ஒழுகும். மூன்று அங்குலம் காய்ந்த மணல், அதன் மேல் படுக்கையாக ஒரு வரிசை செங்கல், அதற்கு மேல் மூன்று கல் அடுப்பு. கடப்பாக் கல் துண்டு வேண்டாம், நெருப்பில் வெடித்துத் தெறிக்கும். செங்கல்லும் ஒரு வாரம் வெயில் கண்டிருக்க வேண்டும். சவுக்கு விறகைக் கட்டைவிரல் கனத்துக்குப் பிளந்து, மார்கழிப் பனி படாமல் மூடி வைத்தோம்.

போகிக்குப் பழைய பாயும் ஓலையும் போதும். உரித்த பெயிண்ட் செதில், பைப் துண்டு, பாலித்தீன் எதையும் தீயில் போடக்கூடாது. பழைய பெயிண்டில் காரீயம் இருக்கலாம், மூட்டை கட்டிக் குப்பை வண்டியில்தான் சேர்க்க வேண்டும்.

தை முதல் நாள்: பானை

இனி சமைப்பவரின் குறிப்பு. இரண்டரை லிட்டர் பித்தளைப் பானை, உள்ளே வெள்ளீயம் பூசியது. வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகும், வெறும் பானையை விறகுத் தீயில் வைத்தால் பூச்சு வழிந்து அடியில் திரளும். பாலும் தண்ணீரும் ஊற்றிய பிறகே அடுப்பேற்ற வேண்டும்.

பால் அரை லிட்டர், தண்ணீர் ஒன்றரை லிட்டர், கழுத்துக்கு இரண்டு விரல் கீழே நிற்கும். பாதிப் பானை ஊற்றிவிட்டு ஏன் பொங்கவில்லை என்று கேட்பவர்கள் உண்டு. தீ தணலாக இருந்தாலும் பொங்காது, ஓரத்தில் மட்டும் கொதிக்கும். பொங்கியதும் ஏறக்குறைய 600 மில்லி மொண்டு தனியே வைத்துவிட்டு, அரை மணி நேரம் ஊறிய பச்சரிசி 250 கிராம், வாசம் வரும் வரை மட்டும் வறுத்த பாசிப்பருப்பு 75 கிராம் போட வேண்டும். புது அரிசி தண்ணீர் குறைவாகக் குடிக்கும், பழைய அரிசி மொண்டு வைத்ததையும் கேட்கும். அதனால்தான் கொட்டாமல் வைப்பது.

மசித்தால் நெய் போலக் குழையும் வரை வெல்லம் கிட்டவே வரக்கூடாது. வெல்லம் சேர்ந்த பிறகு சர்க்கரை தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும், அரிசி அதற்கு மேல் வேகாது. வெல்லத்தின் புளிப்புக்குக் கொதிக்கிற பால் திரியவும் செய்யும். விறகை இழுத்துத் தீயைத் தணித்த பிறகு, 400 கிராம் வெல்லத்தைக் கால் டம்ளர் தண்ணீரில் கரைத்து, மண் போக வடிகட்டி ஊற்றலாம். பாகு கம்பிப் பதம் போனால் மத்தியானத்துக்குள் பொங்கல் கட்டியாகிவிடும், கரைந்தால் போதும். பளபளவென்று மஞ்சளாக இருக்கும் வெல்லத்தைவிடக் கருப்பு வெல்லம் நல்லது. நெய் 100 மில்லியை மூன்று தடவையாக. முந்திரி, திராட்சை, ஐந்து ஏலக்காய். பச்சைக் கற்பூரம் அரை அரிசி அளவு, ஒரு அரிசி அளவு போட்டால் கோயில் பிரசாதம், இரண்டு போட்டால் இருமல் மருந்து.

ஆறும்போது இறுகுவதால், இறக்கும்போது கரண்டியிலிருந்து வழிய வேண்டும். இறுகிப்போனால் மொண்டு வைத்த பால் தண்ணீரைச் சூடாக்கி இரண்டு கரண்டி விட்டுக் கிளறலாம்.

சுவரின் இன்றைய நிலை: மேலே சுத்தம், தரையை ஒட்டி நாலு விரல் உயரத்துக்கு மட்டும் மெல்லிய வெள்ளைப் பொடி. அது சுவர் மூச்சு விடும் வழி. மேலே எமல்ஷன் அடிக்காமல், காய்ந்த பிரஷ்ஷால் தட்டி அள்ளினால் போதும். சித்திரை வெயிலில் பொடி வந்த இடத்துக்கு மட்டும் இன்னொரு பற்று, அதற்கு மேல் ஒரு கை வெள்ளை.