எந்த, எத்தனை, எவ்வளவு

ஆறாம் வகுப்பில் புள்ளியியல் பெரும்பாலும் நேர்க்கோட்டுக் குறிகளோடு தொடங்கிவிடுகிறது. நாலு கோடு, குறுக்கே ஒன்று. பிள்ளைகள் அழகாகப் போட்டுவிடுவார்கள். எதற்காக எண்ணுகிறோம் என்பது மட்டும் பிடிபட்டிருக்காது. அதனால் முதல் பாடவேளை முழுவதையும் கேள்விக்கே கொடுத்துவிட வேண்டும்.

கரும்பலகையில் இரண்டு கேள்விகள் போதும். "புழல் ஏரியின் முழுக் கொள்ளளவு எவ்வளவு?" "டிசம்பரில் புழலின் நீர் இருப்பு நாளுக்கு நாள் எப்படி மாறியது?" முதலாவதற்கு 3,300 மில்லியன் கன அடி என்று ஒரே விடை. இரண்டாவதற்கு 31 நாள் கணக்கும் வேண்டும். விடை ஒன்றுபோல் இருக்காது என்று தெரிந்தே கேட்பதுதான் புள்ளியியல் கேள்வி. நாளிதழில் வரும் ஏரி நிலவரத்தை வெட்டி நோட்டில் ஒட்டச் சொன்னால், வேறொருவர் திரட்டிய இரண்டாம் நிலைத் தரவு என்றால் என்னவென்று தனியாக விளக்க வேண்டியதில்லை.

தரவு வகைகளுக்குத் தமிழே பாதி வேலையைச் செய்துகொடுக்கிறது. எந்தப் பேருந்து என்றால் வகை. எத்தனையாவது மாடி என்றால் வரிசை. எத்தனை பேர் என்றால் எண்ணுவது. எவ்வளவு உயரம் என்றால் அளப்பது. ஆனால் "எத்தனை நிமிடம்" என்றும் கேட்கிறோமே! அங்கே 'அரை' போட்டுப் பார்க்க வேண்டும். அரை நிமிடம் உண்டு, அரைத் தம்பி கிடையாது. நிமிடம் தொடர்ச்சியான தரவு, தம்பிகளின் எண்ணிக்கை தனித்த தரவு.

பிள்ளைகள் அதிகம் சறுக்குவது எண் போலத் தெரியும் பெயர்களில். 29சி பேருந்தில் எழுத்து இருப்பதால் தப்பித்துவிடுவார்கள்; பின்கோடில் மாட்டிக்கொள்வார்கள். மயிலாப்பூர் 600004, அடையாறு 600020. சராசரி போடச் சொல்லுங்கள்: 600012. அது வடசென்னை ஓட்டேரி! இரண்டுக்கும் நடுவிலா இருக்கிறது? கூட்டி வகுத்தால் அர்த்தம் வருகிறதா என்ற இந்தச் சோதனை எந்த வரையறையையும்விட நன்றாக மனதில் நிற்கிறது.

அடுத்து, தரவு திரட்டுவது. ஒரு ஏ4 தாளை எட்டாகக் கிழித்து ஆளுக்கொரு துண்டு கொடுங்கள். வாயால் சொல்லச் சொன்னால் மூன்றாவது பிள்ளையிலிருந்து முன்னால் சொன்னவர் விடையே திரும்பத் திரும்ப வரும். எழுதிய துண்டுகளைச் சுவரில் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டினால் பட்டை வரைபடம் தானாக எழும்பிவிடும். துண்டுகள் ஒரே அளவில் இல்லாவிட்டால் மூன்று பேரின் பட்டை நாலு பேரின் பட்டையைவிட உயரமாகத் தெரியும். வரைபடத்துக்கு அளவுத்திட்டம் ஏன் தேவை என்பதை அங்கேயே காட்டிவிடலாம்.

"வீட்டில் எத்தனை பேர்?" என்று கேட்டதுமே, "மிஸ், ஊர்லேர்ந்து வந்திருக்கிற பாட்டியைச் சேர்க்கணுமா?" என்று குரல் வரும். அருமையான கேள்வி. உடனே பதில் சொல்லிவிடாமல் வகுப்பையே முடிவு செய்யச் சொல்லுங்கள். "நேற்று இரவு வீட்டில் தூங்கியவர்கள்" என்று கேள்வி திருந்தும்போது, எதை எண்ணுகிறோம் என்பது, அதாவது 'மாறி', துல்லியமாகிறது. எடை, அப்பாவின் சம்பளம் இரண்டையும் வகுப்பில் கேட்கவே கூடாது. ஒரு பிள்ளை கூனிக் குறுகிப் போகும் தரவு நமக்கு வேண்டாம்.

தொடர்ச்சியான தரவுக்கு, பள்ளிக்கு வரும் நேரம் நல்ல உதாரணம்; அதே அளவுக்கு ஏமாற்றும். "எத்தனை நிமிடம் ஆகிறது?" என்று கேட்டால் 10, 15, 20, 30 இவற்றில்தான் குவியும், 13, 17 எல்லாம் காலி. "கால் மணி, அரை மணி" என்று பேசிப் பழகிய வாய் அப்படித்தான் சொல்லும். பார்ப்பதற்குத் தனித்த தரவு போலவே இருக்கும். மறுநாள் வீட்டுப் படி இறங்கிய நேரத்தையும் பள்ளி வாசலைத் தொட்ட நேரத்தையும் குறித்து வரச் சொல்லுங்கள். இடையில் விட்டுப்போன எண்கள் வரத் தொடங்கும். பட்டைகளை இடைவெளியின்றி ஒட்டி வரையும் நிகழ்வுச் செவ்வகத்தை அன்றைக்கு ஆரம்பிக்கலாம்.