ஓரியூர் மண்ணும் ஒரு தண்டவாளத் துண்டும்

திருவாடானையில் பஸ் மாறி ஓரியூரில் இறங்கும்போது காலை பத்தரை இருக்கும். 2025 ஏப்ரல் 19, ஈஸ்டருக்கு முந்தைய நாளான புனித சனி. வெயில் அப்போதே மண்டையைப் பிளந்தது. பெரிய வெள்ளிச் சிலுவைப்பாதைக்கு வந்த கூட்டமெல்லாம் வடிந்துவிட்டது. கோயிலுக்குள் பீடத்தில் துணி இல்லை, பூ இல்லை. நற்கருணை அப்பம் வைக்கும் பேழையின் கதவு விரியத் திறந்து கிடந்தது. உள்ளே ஒன்றுமில்லை. வருஷம் முழுக்க முழந்தாளிட்டே பழகிய கால் அன்றைக்கு என்ன செய்வதென்று தெரியாமல் தடுமாறும். எனக்கும் பாதி மடங்கி, அப்படியே நிமிர்ந்துகொண்டது.

நான் புறப்பட்டது ஓரியூருக்காக இல்லை. படித்த கல்லூரியின் சிற்றாலயத்தில் பாஸ்கா திருவிழிப்புக்கு, அதாவது ஈஸ்டருக்கு முந்தின இரவு வழிபாட்டுக்குப் போய் இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஆனால் தவக்காலத்தில் எங்கள் வார்டன் ஃபாதர் ஹாஸ்டல் பையன்களை ஒருமுறை ஓரியூருக்குக் கூட்டிவந்து மண்ணைத் தொடவைத்து அனுப்புவார். அந்தப் பழக்கத்தில் கால் தானாக இங்கே வந்துவிட்டது.

ஓரியூர்ப் புனிதர் அருளானந்தர், அதாவது ஜான் டி பிரிட்டோ பாதிரியார், 1647இல் லிஸ்பனில் பிறந்தவர். மறவர் நாட்டில் காவி உடுத்தி, புலால் மறுத்து, பண்டாரசுவாமியாக ஊர் ஊராய் நடந்தார். மறவர் தலைவர் தடியத்தேவர் ஞானஸ்நானம் பெற்று, ஒரே மனைவியோடு வாழ்வதென்று முடிவெடுத்து மற்றவர்களை விலக்கினார். விலக்கப்பட்டவர்களில் ஒருத்தி ராமநாதபுரம் மன்னர் கிழவன் சேதுபதியின் உறவு. விவகாரம் அரண்மனைக்குப் போயிற்று. முடிவு இந்த ஆற்றோர மேட்டில். தலை வெட்டப்படுவதற்கு முன்பு சிறையில் கரியைக் கரைத்து மையாக்கிக் கடிதம் எழுதியிருக்கிறார். ரத்தம் பட்டு மண் சிவந்தது என்பது சனங்களின் நம்பிக்கை. ஜாதி மதம் பாராமல் வந்து மொட்டை போடுகிறார்கள், மண்ணைப் பொட்டலம் கட்டிக் கொண்டுபோகிறார்கள். நானும் ஒரு பிடி எடுத்தேன். பொட்டலம் கட்டக் காகிதம் இல்லாததால் பஸ் டிக்கெட்டிலேயே மடித்து வைத்தேன்.

எங்கள் கணக்கு வாத்தியார் ஒருமுறை கரும்பலகையில் போட்டுக் காட்டியது இங்கே வந்தால்தான் ஞாபகம் வரும். மார்ச் 21 அன்றோ அதற்குப் பிறகோ வரும் முதல் முழுநிலவு, அதை அடுத்த ஞாயிறுதான் ஈஸ்டர். அப்படிப் பார்த்தால் ஈஸ்டர் வரக்கூடிய ஆக முந்தைய தேதி மார்ச் 22. அது அபூர்வம். 1818இல் வந்தது, இனி 2285இல்தான். 1693இலும் அப்படி வந்தது. அங்கிருந்து நாற்பத்தாறு நாள் பின்னால் எண்ணினால் பிப்ரவரி 4. சாம்பல் புதன். அருளானந்தர் வெட்டப்பட்ட நாள். "அந்த வருஷம் தவக்காலம் ஆரம்பிச்ச அன்னைக்கே அவருக்கு முடிஞ்சுபோச்சு" என்று சொல்லிவிட்டு, டஸ்டரால் துடைத்துவிட்டு, வகைக்கெழுவுக்குப் போய்விட்டார்.

மதியம் கிளம்பிக் கல்லூரி போய்ச் சேர நாலு மணி. பெயரைச் சொன்னால் "அது எங்கே இருக்கு?" என்று திருப்பிக் கேட்கும் அளவுக்குச் சின்னக் கல்லூரி. எங்கள் காலத்தில் ஹாஸ்டலில் அறுபது பேர். ஏப்ரல் மாதம் பரீட்சை மாதம் என்பதால் ஈஸ்டருக்கு வீட்டுக்குப் போனவர்கள் பாதி, போகாதவர்கள் பாதி. போக வீடில்லாத ஒருவனும் இருந்தான், மண்டபம் முகாமிலிருந்து வந்தவன். பெரிய வெள்ளி மதியம், இயேசுவின் பாடுகளைச் சொல்லும் வியாகுலப் பிரசங்கத்தை அவன் யாழ்ப்பாணத்து இழுவையில் வாசித்தால் பின்வரிசையில் கதை பேசுகிறவர்கள்கூட அடங்கிவிடுவார்கள். இப்போது கனடாவில் லாரி ஓட்டுகிறான். இந்த வெள்ளிக்கிழமையும் வாட்ஸப்பில் நாலு நிமிஷக் குரல் பதிவு வந்தது, பின்னணியில் வண்டி இரைச்சலோடு.

மெஸ்ஸுக்கு எதிரே உள்ள வேம்பைத் தேடிப் போனேன். இருந்தது. அதில் கம்பி போட்டுத் தொங்கவிட்ட தண்டவாளத் துண்டும் இருந்தது. கம்பி கட்டிய இடத்தில் கிளை பருத்து, கம்பியை விழுங்கிவிட்டது. இப்போது சாப்பாட்டுக்கு மின்சார மணி. தண்டவாளத்தை யாரும் தொடுவதில்லை போலும், அடிக்கிற பக்கம் துரு ஏறியிருந்தது.

1998இல் நடந்தது. பெரிய வியாழன் பூசையில் 'உன்னதங்களிலே' பாடும்போது மணிகள் எல்லாம் ஒலிக்கும். அதோடு சரி, மறுபடி சனி இரவு அதே பாட்டு வரும்வரை மணி கிடையாது, மரக்கட்டைதான். வெள்ளிக்கிழமை மதியம் கஞ்சிக்கு நேரமாகியும் மெஸ் மணி கேட்கவில்லை. போய்ப் பார்த்தால் மெஸ் மாஸ்டர் இரண்டு விறகுக் கட்டைகளை ஒன்றோடொன்று தட்டிக்கொண்டு நிற்கிறார். மாஸ்டர் கருப்பருக்குக் கிடா வெட்டுகிற குடும்பம், கோயிலுக்குள் வந்ததே இல்லை. வார்டன் ஃபாதர் கேட்டதற்கு, "சாமி, கோயில்லயே மணி அடிக்கலங்கிறீக. சோத்துக்கு மட்டும் டங்கு டங்குன்னு அடிச்சா நல்லாவா இருக்கு?" என்றார். ஃபாதர் பதில் சொல்லாமல் தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றார். கஞ்சியும் பருப்புத் துவையலும். சனிக்கிழமை காலை இட்லிக்கும் கட்டைதான். அன்று நள்ளிரவு சிற்றாலயத்தில் மணிகள் முழங்க, வேம்பிலிருந்தும் டங் டங் டங் என்று விடாமல் கேட்டது. மாஸ்டர் மெஸ் வாசலில் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்திருக்கிறார். அந்த வருஷப் பிரசங்கம் என்ன என்று கேட்டால் ஒரு வரி சொல்ல மாட்டேன்.

மாஸ்டர் போய்ச் சேர்ந்து ஏழு வருஷம் ஆயிற்று என்றார் வாட்ச்மேன்.

இரவு பதினொரு மணிக்கு மைதானத்தில் தேங்காய் மட்டையைக் குவித்துப் புதுத் தீ மூட்டினார்கள். பௌர்ணமி கழிந்து ஆறு நாள், நிலா இன்னும் எழும்பவில்லை. நாற்பது பேர் இருப்போம். மாணவிகளும் இருந்தார்கள், எங்கள் காலத்தில் கிடையாது. முன்பு வார்டனாக இருந்த ஃபாதர், எண்பதைத் தாண்டியவர், நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். 1951இல் போப்பாண்டவர் பன்னிரண்டாம் பத்திநாதர் சோதனையாக இரவுக்கு மாற்றி, 1956இல் எங்கும் கட்டாயமாகும்வரை இந்த வழிபாடு சனிக்கிழமை காலையிலேயே நடக்குமாம். "பட்டப்பகல்ல, கொளுத்துற வெயில்ல, இருளைப் போக்கும் ஒளின்னு பாடுவோம்டா" என்று அந்த இருட்டிலும் சிரித்தார்.

பாஸ்கா திரியை, அந்தப் பெரிய மெழுகுவர்த்தியை, கிட்டே போய்ப் பார்த்தேன். நடுவில் சிலுவை, அதன் நாலு மூலையில் 2, 0, 2, 5. ஐந்து காயங்களுக்கு ஐந்து சாம்பிராணி மணிகள். அவற்றில் ஒன்று சூட்டில் இளகிச் சரிந்திருந்தது. மேலே அ, கீழே ன. கிரேக்கத்தில் ஆல்ஃபா, ஒமேகா இருக்கும் இடம். திருவிவிலியத்தில் 'அகரமும் னகரமும் நானே' என்றுதான் இருக்கிறது. 'அகர முதல் னகர இறுவாய்' என்று தொல்காப்பியம் எழுத்தை எண்ணத் தொடங்கும் கணக்கு அப்படியே ஒரு மெழுகுவர்த்தியில் ஏறியிருக்கிறது. தமிழ் படித்த யாரும் இதைப் பார்த்துவிட்டுச் சும்மா போக முடியாது.

'கிறிஸ்துவின் ஒளி இதோ' மூன்று முறை, ஒவ்வொரு முறையும் சுருதி ஏற்றி. ஒரு திரியிலிருந்து நாற்பது திரிக்குத் தீ போனது. பக்கத்தில் நின்ற பெண் தன் திரியை நிமிர்த்திப் பிடித்து, என்னுடையதைச் சாய்க்கச் சொன்னாள். எரிகிறதைச் சாய்த்தால் மெழுகு கையில் கொட்டும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. எனக்கு மறந்திருந்தது. பழைய ஏற்பாட்டு வாசகம் ஏழையும் முழுதாக வாசித்தார்கள். பங்குக் கோயில்களில் பெரும்பாலும் மூன்றோடு நிறுத்திவிடுவார்கள். இங்கே யாருக்கும் கடைசி பஸ் இல்லை. செங்கடல் பிளந்தபோது இரண்டு பையன்கள் தூங்கிவிட்டார்கள்.

'உன்னதங்களிலே' வந்தது. பீடச்சிறுவன் கைமணியை ஆட்டி ஆட்டி ஓய்ந்தான், கோபுர மணியும் அடித்தது. எனக்குக் காது வெளியே இருந்தது. வேம்புப் பக்கம் சத்தமில்லை.

முடிந்து பன்னும் கறுப்புக் காப்பியும் கொடுத்தபோது மணி ஒன்றரை. "ஈஸ்டர் வாழ்த்துகள் அண்ணே" என்று முன்பின் தெரியாத பிள்ளைகள் கை கொடுத்தார்கள். காப்பி டம்ளரோடு வேம்படிக்குப் போனேன். பக்கத்திலேயே கம்பியில் தொங்கிய பழைய போல்ட்டை எடுத்து ஒரே அடி அடித்தேன். துருப் பொடி உதிர்ந்தது, சத்தம் மாறவில்லை.

திங்கட்கிழமை பரீட்சைக்குப் படிக்கிற மாடி அறையில் ஜன்னல் திறந்தது. "யாருடா அது, இந்நேரத்துக்கு?"