ஆத்தங்குடிக் கல்லை வைத்து அழகுணர்வை அளந்த அனுபவம்

கண்ணால் காணும் அழகை உணர்வதில் ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டை அளப்பதே என் முதுநிலை உளவியல் ஆய்வு. காரைக்குடியைச் சுற்றியுள்ள ஊர்களில் ஓராண்டாக அதைச் செய்து வருகிறேன். இந்த வழியில் இறங்க நினைப்பவர்களுக்காக, நான் எங்கே தடுமாறினேன், அளவுகோலையே ஏன் மாற்ற நேர்ந்தது என்பதை எழுதுகிறேன்.

ஜெர்மானிய ஓவியர் கார்ல் ஓட்டோ கோட்ஸ் உருவாக்கி, உளவியலாளர் ஹான்ஸ் ஐசென்க் முதலியோருடன் சேர்ந்து 1979-இல் வெளியிட்ட தேர்வைத்தான் முதலில் பின்பற்றினேன். ஒரு வடிவத்தையும் அதையே சற்றுக் குலைத்து வரைந்த இன்னொன்றையும் அருகருகே காட்டி, எது பிடித்திருக்கிறது என்று கேளாமல், எது இசைவாக அமைந்திருக்கிறது என்று அத்தேர்வு கேட்கும். கலை அறிந்த எட்டுப் பேர் ஒருமித்து விடை சொன்ன இணைகளே அதில் இடம்பெற்றன.

அதே முறையில், இந்தப் பக்கத்து வீடுகளில் பதிக்கும் பூவேலைத் தரைக்கற்களான ஆத்தங்குடிக் கற்களைப் படமெடுத்து, கணினியில் ஓர் இதழை நகர்த்தியும் கரையை ஒருபக்கம் தடிப்பாக்கியும் இணைகள் தயாரித்தேன். முதல் சிக்கல் பழக்கத்தால் வந்தது. தம் வீட்டு முகப்பில் பதித்த கல்லைப் படத்தில் கண்டதும் ஓர் ஆச்சி, “இது எங்க வளவுக் கல்லுல்ல!” என்று அதையே தொட்டுவிட்டார். பிறந்தது முதல் பார்த்த ஒன்றின் மேலுள்ள பாசத்தை அழகுணர்வாகக் கணக்கெடுக்க முடியாது என்பதால், ஊரில் புழங்கும் வடிவங்களையெல்லாம் விலக்கிவிட்டுப் புதிதாக வரைந்தேன். முற்ற வெயிலில் திரையின் நிறம் வெளிறியதால், சோதனை நடத்தும் இடத்தையும் கூரையுள்ள பட்டாலைக்கு மாற்றிக்கொண்டேன்.

பெரிய சிக்கல் ஒரு கல் பட்டறையில் காத்திருந்தது. கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, அறை அறையாகச் சாயக் கலவையைக் கரண்டியால் ஊற்றி, நடுங்காமல் அச்சைத் தூக்கும் பெரியவரிடம் ஓர் இணையைக் காட்டி, “எது நல்லா இருக்குண்ணே?” என்று கேட்டேன். கையைத் துடைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தவர், “பிசகு இதுலதான் இருக்கு ஆத்தா, இந்த இதழு தள்ளி நிக்குது. ஆனா எனக்கு இதுதான் பிடிச்சிருக்கு, அச்சு இல்லாம கையால ஊத்துன மாதிரி இருக்கு” என்றார்.

என் விடைத்தாளில் அது தவறான விடை. குலைவை நொடியில் கண்டுபிடித்த கண்ணுக்கு எப்படிச் சுழியம் போடுவது? “நல்லா இருக்கு” என்று கேட்டதன் மூலம் இசைவையும் விருப்பத்தையும் நானே ஒன்றாகக் குழப்பியிருந்தேன். கேள்வியைத் திருத்தினாலும், சரியான விடை வல்லுநர் வசமே இருக்கும் என்பது எனக்கு உறுத்தியது.

அப்போது கைகொடுத்தது 2020-இல் கைடோ கொராடி, மார்க்கோஸ் நடால் உள்ளிட்ட உளவியலாளர்கள் முன்வைத்த கருத்து. சமச்சீர், சமநிலை, சிக்கல்தன்மை, விளிம்பின் வளைவு போன்ற ஒரு பண்பு ஒருவருடைய விருப்பத்தை எவ்வளவு மாற்றுகிறது என்பதே அந்தப் பண்பிற்கான அவரது உணர்திறன் என்கிறார்கள் அவர்கள். இதற்குச் சரி, தவறு தேவையில்லை. படங்களை ஒவ்வொன்றாகக் காட்டி விருப்ப மதிப்பெண் வாங்கி, பண்பின் அளவு கூடக்கூட மதிப்பெண் எப்படி ஏறி இறங்குகிறது என்று ஆளுக்கொரு கோடு போட வேண்டும். கோட்டின் சாய்வுதான் அவரது உணர்திறனின் அளவு.

வேலை கூடுதல்தான், படங்கள் குறைந்தால் சாய்வை நம்ப முடியாது, படங்கள் கூடினால் பார்ப்பவருக்கு அலுப்புத் தட்டும். நடுவில் காப்பிக்கு நிறுத்தி இரண்டு அமர்வாகப் பிரித்தேன். ஆச்சியின் கோடு சமச்சீர் கூடக்கூடச் செங்குத்தாக ஏறியது. பெரியவருடையது மெல்ல இறங்கியது. அவர் அன்று வாயால் சொன்னதையே அந்தக் கோடும் காட்டியது.

அடுத்த மாதம் அதே படங்களோடு இருவரிடமும் மறுபடி போகிறேன். இரண்டாம் முறையும் சாய்வு அப்படியே நிற்கிறதா என்று பாராமல், அதை அவர்களின் இயல்பு என்று ஆய்வேட்டில் எழுத எனக்கு மனம் வரவில்லை.