மாம்பழ நிற டாட்ஜும் மறைந்துபோன தெருவும்

அக்டோபர் 25, சனி

டெட்ராய்டின் உட்வர்டு அவென்யூவில் கூட்டம் ஓய்ந்துவிட்டது. ஆகஸ்டில் ட்ரீம் க்ரூஸ் என்ற பழைய கார் ஊர்வலம் நடக்கும்போது ரோட்டோரத்தில் நாற்காலி போடக்கூட இடம் கிடைக்காது. இப்போது எப்போதாவது ஒரு பழைய வண்டி உறுமிக்கொண்டு போகிறது, அவ்வளவுதான். மிச்சிகனில் பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு ஹாலோவீன்தான் வருஷத்தின் கடைசித் திருவிழா. அதற்குப் பிறகு எந்த நாளும் பனி விழலாம். விழுந்தால் ரோட்டில் உப்பைக் கொட்டிவிடுவார்கள். டெட்ராய்ட் நகரத்துக்கு அடியிலேயே, ஆயிரம் அடிக்கும் கீழே, உப்புச் சுரங்கம் இருக்கிறது. உப்பு பட்ட தகரம் என்ன ஆகும் என்று நாகப்பட்டினத்துக்காரனான எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

எங்கள் பேட்டையில் ஹாலோவீன் நாளான 31ஆம் தேதி சாயங்காலம் சர்ச் பார்க்கிங்கில் வண்டிகளை வரிசையாக நிறுத்தி, டிக்கியைத் திறந்து ஜோடித்து, பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுப்பார்கள். இங்கே பழங்கால வண்டிக்கென்று தனி நம்பர் பிளேட் உண்டு. அது இருந்தால் ஆகஸ்ட் மாதம் இஷ்டப்படி ஓட்டலாம். மற்ற மாதங்களில் கண்காட்சி, ஊர்வலம், கிளப் நிகழ்ச்சி என்று காரணம் வேண்டும். அதனால் இந்த மிட்டாய்ச் சாயங்காலத்துக்காக எல்லாருமே காத்துக்கிடக்கிறார்கள்.

அக்டோபர் 28, செவ்வாய்

வேலை முடிந்ததும் டாட்ஜ் தாத்தாவின் கராஜுக்குப் போனேன். எங்கள் வீட்டில் அவருக்கு அதுதான் பெயர். அவருடைய வண்டி 1970 டாட்ஜ் சேலஞ்சர் ஆர்/டி, 383 இன்ஜின். அதன் நிறத்துக்குக் கம்பெனி வைத்த பெயர் ‘கோ மேங்கோ’. செந்தூர மாம்பழத்தின் காம்போரம் ஏறியிருக்குமே, அந்தச் சிவப்பு கலந்த ஆரஞ்சு. ஹாலோவீனுக்கென்று அதற்குத் தனி அலங்காரமே தேவையில்லை.

கண்ணாடி வழியாக டாஷ்போர்டின் இடது ஓரத்தில் டார்ச் அடித்துக் காட்டினார். ஒரு சின்னத் தகடு, அதில் வண்டியின் எண். ஏழாவது எழுத்து ‘பி’. ‘பி’ என்றால், டெட்ராய்ட் சூழ்ந்திருக்கும் சின்ன ஊரான ஹாம்ட்ராமிக்கின் ஆலை. ஊரே ‘டாட்ஜ் மெயின்’ என்று அழைத்த ஆலை. அவருடைய அப்பா அங்கே சீட் பொருத்தும் வரிசையில் வேலை பார்த்தவர். இந்த வண்டிக்கு முன்பே கலிபோர்னியா ஆலையில் செய்த சேலஞ்சர் ஒன்று மலிவாக வந்ததாம். வேண்டாம் என்று விட்டுவிட்டு இந்த ‘பி’க்காகக் காத்திருந்திருக்கிறார். “அப்பா கை பட்ட வண்டியா என்று தெரியாது. படாத வண்டி என்றும் சொல்ல முடியாதே” என்றார்.

அவர் பிறந்து வளர்ந்த போல்டவுன், ஆலைக்குப் பக்கத்திலேயே இருந்த போலந்துக்காரர்களின் பேட்டை. 1980இல் டாட்ஜ் மெயின் மூடப்பட்டது. அடுத்த ஆண்டே, ஜெனரல் மோட்டார்ஸின் புது ஆலைக்காக அந்த இடத்தோடு சேர்த்துச் சுற்றுவட்டாரத்தையும் நகராட்சி கையகப்படுத்தியது. 1,000க்கும் மேற்பட்ட வீடுகள், 4,000க்கும் மேற்பட்ட மனிதர்கள். அதை எதிர்த்து அங்கே குடியிருந்தவர்கள் போட்ட வழக்கு மாநில உச்ச நீதிமன்றம் வரை போய்த் தோற்றது. அமலோற்பவ மாதா கோயிலைக் காப்பாற்ற உள்ளேயே உட்கார்ந்திருந்தவர்களை 1981 ஜூலையில் போலீஸ் வெளியேற்றியது. பிறகு கோயிலையும் இடித்தார்கள். அந்தத் தீர்ப்பு தவறு என்று அதே நீதிமன்றம் 2004இல் சொன்னது. அப்போது அங்கே திரும்பிப் போக ஒரு வீடும் இல்லை.

மிஞ்சியது ஒரு யூதக் கல்லறைத் தோட்டம், பெத் ஓலெம். இன்றும் ஆலை வளாகத்துக்குள்ளேயே இருக்கிறது. பார்க்க வருகிறவர்களுக்கு வருஷத்தில் இரண்டு நாள்தான் கதவு திறப்பார்கள். செத்தவர்களின் இடம் நின்றது, உயிரோடு இருந்தவர்களின் இடம் போயிற்று. ராத்திரி வெகு நேரம் எனக்கு இது மனதை அறுத்தது.

அக்டோபர் 30, வியாழன்

இன்றைய ராத்திரிக்கு டெட்ராய்டில் ‘பிசாசு ராத்திரி’ என்று பெயர். ஒரு காலத்தில் காலி வீடுகளுக்குத் தீ வைப்பார்கள். 1984இல் ஹாலோவீனை ஒட்டிய மூன்று நாளில் மட்டும் 800க்கும் மேற்பட்ட தீ விபத்துகள். அந்தச் சமயத்தில் கிழக்குப் பக்கத்தில் குடியிருந்த மஸ்டாங் அம்மா (அவருடைய கார் 1966 மஸ்டாங், வெள்ளை) இன்று மிட்டாய்ப் பை கட்ட வந்திருந்தார். தோட்டத்து ஹோஸை வாசல் வரை இழுத்துப் போட்டு ராத்திரி முழுக்கக் கண் விழித்திருப்பார்களாம். 1995இல் மேயர் டென்னிஸ் ஆர்ச்சர் அதை ‘தேவதை ராத்திரி’ ஆக்கினார். பல்லாயிரம் பேர் காரில் மஞ்சள் விளக்கைச் சுழல விட்டுக்கொண்டு தெருத்தெருவாகச் சுற்றிக் காவல் காத்தார்கள். இவரும் போயிருக்கிறார். ஒரு ஊர் தன்னைத் தானே காத்துக்கொண்டதற்கு இதைவிடப் பெரிய சான்று எனக்குத் தெரியவில்லை.

அக்டோபர் 31, வெள்ளி

நல்ல குளிர். பேய், சூனியக்காரி வேஷத்துக்கெல்லாம் மேலே ஸ்வெட்டர். என் மகள் மயிலாகப் போனாள். வேஷத்துக் கத்தியும் ஜிப்பும் பெயின்ட்டைக் கீறிவிடும் என்று சிலர் வண்டியைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தார்கள், நியாயம்தான். டாட்ஜ் தாத்தா கட்டவில்லை. துப்பாக்கிப் பிடி வடிவத்தில் இருக்கும் கியர் கம்பைப் பிடித்துப் பார்க்க ஒவ்வொரு குழந்தையையும் உட்கார வைத்தார். அந்தக் காலத்தில் டெட்ராய்ட் பிள்ளைகள் வாசலில் நின்று “ஏழைக்கு உதவுங்கள்!” என்றுதான் மிட்டாய் கேட்பார்களாம். பெரியவர்கள் சொல்லிக்கொடுக்க, கொஞ்ச நேரத்தில் பார்க்கிங் முழுக்க அதே கத்தல்.

டிக்கியில் எலும்புக்கூடு எதுவும் வைக்காமல், நீளமான வெள்ளைத் தாளில் போல்டவுனின் ஷேன் தெருவை வரைந்து விரித்திருந்தார் தாத்தா. கடை கடையாக, நினைவிலிருந்து. இருட்டிய பிறகு ஒரு பெண்மணி, சூனியக்காரித் தொப்பியோடு, பேரனைக் கூட்டிக்கொண்டு வந்தார். தாளைக் குனிந்து பார்த்தவர், “பேக்கரி இந்த மூலையில் இல்லையே, எதிர்மூலையில் அல்லவா?” என்றார். தாத்தா நிமிர்ந்தார். “எந்தத் தெருவம்மா நீங்கள்?”

அதற்கப்புறம் இருவருக்கும் மிட்டாய் நினைவே இல்லை; நானும் மகளும்தான் கொடுத்தோம். ஆலையில் ஷிஃப்ட் மாறுகிற நேரத்துக் கூட்டம், மதிய ஷிஃப்ட்டில் அப்பாக்கள் போய்விட அம்மாக்களே ஹாலோவீன் நடத்தியது, ஒரு வீட்டில் சோளப்பொரி உருண்டை, இன்னொரு வீட்டில் சூடான ஆப்பிள் சாறு. பென்சிலை மாற்றி மாற்றி வாங்கி வரைந்தார்கள். பழைய கார் வைத்திருப்பதைப் பணக்காரப் பொழுதுபோக்கு என்று ஆபீசில் சொல்கிறவர்கள் இதைப் பார்த்திருக்க வேண்டும். அந்த மாம்பழ நிறம் அங்கே நிற்காவிட்டால் அந்தப் பெண்மணி அந்தப் பக்கமே திரும்பியிருக்க மாட்டார்.

நவம்பர் 2, ஞாயிறு

கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைத்தாயிற்று. சேலஞ்சருக்கும் ஓய்வு. டேங்க்கை நிரப்பி, பெட்ரோல் கெடாமலிருக்க மருந்து ஊற்றி, டயருக்குக் காற்று கூட்டி, எலி புகாமல் சைலன்சர் வாயில் கம்பி நாரை அடைத்து, பேட்டரியைக் கழற்றினோம். ஏப்ரலில் நல்ல மழை பெய்து ரோட்டு உப்பைக் கழுவிய பிறகுதான் வெளியே வரும்.

தாளை ஸ்கேன் செய்து வைத்திருக்கிறேன். ஷேன் தெருவில் இன்னும் சில கட்டங்கள் வெறுமையாக இருக்கின்றன. மருந்துக்கடை எந்தப் பக்கம் என்பதில் இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. அந்தப் பெண்மணியின் பெரியம்மா தொண்ணூறைத் தாண்டியவர், ஹாம்ட்ராமிக்கில்தான் இருக்கிறாராம். வருகிற சனிக்கிழமை தாளைச் சுருட்டிக்கொண்டு மூவரும் அவரைப் பார்க்கப் போகிறோம். என் வண்டியில்தான்.