நாராவில் போதிசேனரைத் தேடி ஒரு நடை

நாராவுக்குப் பெரும்பாலான பயணிகள் ஒதுக்குவது அரை நாள். காலையில் கியோட்டோவிலிருந்து ரயிலேறி வருவார்கள், மானுக்குப் பிஸ்கட் ஊட்டிப் படம் எடுத்துக்கொள்வார்கள், பெரிய புத்தரை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மதியமே திரும்பிவிடுவார்கள். எனக்கு இது அநியாயமாகப் படுகிறது. 710 முதல் 784 வரை ஜப்பானின் தலைநகராக இருந்த ஊர் இது. தலைநகரம் இடம் மாறியதும் அரண்மனை இருந்த இடம் வயலாகிப் போனது. பெரிய கோயில்களோ கிழக்கு மலையடிவாரத்தை விட்டு நகரவில்லை. அதனால் பார்க்க வேண்டியவற்றில் முக்கால்வாசி நடை தூரத்திலேயே இருக்கின்றன. கழற்றி மாட்ட எளிதான காலணி ஒன்று இருந்தால் போதும், பஸ் பாஸ் வேண்டாம்.

கிண்டெட்சு நாரா நிலையம் தரைக்கடியில் இருக்கிறது. படியேறி வெளியே வந்தால் ஒரு நீரூற்று, அதன் நடுவில் கியோகி என்ற துறவியின் சிலை. பாலம் கட்டியும் குளம் வெட்டியும் மக்களிடம் பெயர் வாங்கியவர். பெரிய புத்தர் சிலைக்கு ஊர் ஊராகப் போய் நன்கொடை திரட்டியவர். 736-இல் கடல் கடந்து வந்த போதிசேனர் என்ற இந்தியத் துறவியை, இன்றைய ஒசாகாவான நானிவாவில் எதிர்கொண்டு அழைத்து வந்தவரும் இவர்தான். நான் நாராவுக்குப் போனதே அந்தப் போதிசேனரை மனத்தில் வைத்துக்கொண்டுதான். மான்களைப் பற்றி எனக்குப் பெரிய ஆர்வம் இருக்கவில்லை. மான்களுக்கு என்மேல் இருந்தது.

கிழக்கே நடந்தால் முதலில் வருவது கோஃபுகுஜி. அதன் ஐந்தடுக்குக் கோபுரம் பல ஆண்டுகள் நீளும் பழுதுபார்ப்பில் இருக்கிறது. அதைப் பார்க்கத்தான் வருகிறீர்கள் என்றால் ஏமாற்றம்தான். ஆனால் கோயிலின் பொக்கிஷ மண்டபத்தைத் தவறவிடக் கூடாது. 734-இல் செய்யப்பட்ட எட்டுக் காவலர் சிலைகளில் கருடன் இருக்கிறார், கந்தர்வர் இருக்கிறார், கின்னரர் இருக்கிறார். எல்லோரையும் ஓரங்கட்டிவிடுபவர் அசுரர். மூன்று முகம், ஆறு கை, பதின்வயதுப் பையனின் ஒல்லி உடம்பு. நம் புராணங்களில் தேவர்களோடு மல்லுக்கு நிற்கும் அசுரன் இங்கே கைகூப்பி நிற்கிறான். நடு முகத்தில் புருவம் லேசாக நெரிந்திருக்கிறது. எதையோ நினைத்து வருந்துகிறானா, அழுகையை அடக்குகிறானா என்று தெரியவில்லை. சணல் துணியை அரக்குப் பசையில் தோய்த்து அடுக்கடுக்காக ஒட்டிச் செய்த சிலை, உள்ளே வெற்றிடம். இந்தக் கோயில் எத்தனையோ முறை எரிந்திருக்கிறது. வெண்கலமாக இருந்திருந்தால் யாரால் தூக்கிக்கொண்டு ஓடியிருக்க முடியும்?

அங்கிருந்து பூங்கா. ஆயிரத்துக்கும் மேற்பட்ட மான்கள் வேலியில்லாமல் திரிகின்றன. காசுகா கோயிலின் தெய்வம் வெள்ளை மான்மேல் ஏறி வந்ததாக ஐதீகம் என்பதால் அவற்றின்மேல் யாரும் கை வைப்பதில்லை. தலைகுனிந்து வணக்கம் வைத்தால் பிஸ்கட் கிடைக்கும் என்று கற்றுவைத்திருக்கின்றன. முதல் வணக்கத்துக்குக் கொடுக்காவிட்டால் சட்டையைக் கவ்வி இழுக்கின்றன. என் கையிலிருந்த வரைபடத்தில் கோயிலின் கிழக்குப் பகுதி முழுவதும் ஒரு மானின் வயிற்றுக்குள் போய்விட்டது.

தோதாய்ஜி கோயிலின் தெற்கு வாயில் 1199-இல் எழுந்தது. இரு புறமும் எட்டு மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கும் மர துவாரபாலகர்கள், உன்கேயும் கைகேயும் தம் சிற்பிகளோடு 1203-இல் செதுக்கியவர்கள். கூட்டம் இவர்களைக் கவனிக்காமல் உள்ளே விரைகிறது. நின்று, நரம்பு புடைத்த அந்தக் கால்களை அண்ணாந்து பாருங்கள்.

பெரிய மண்டபத்துக்குள் பதினைந்து மீட்டர் உயர வெண்கலப் புத்தர். 735 முதல் 737 வரை பெரியம்மை நாட்டையே சூறையாடியது. இப்படிப்பட்ட துயரங்களிலிருந்து நாட்டைக் காக்க வேண்டி, பேரரசர் ஷோமு 743-இல் இந்தச் சிலையைச் செய்ய ஆணையிட்டார். 752-இல் கண் திறப்பு விழா. நம் ஊரில் சிற்பி கடைசியாகக் கண்ணைத் திறந்தால்தான் விக்கிரகத்துக்கு உயிர் வரும் என்போமே, அதேதான். அரியணையை மகளுக்கு விட்டுக்கொடுத்திருந்த ஷோமு உடல்நலம் குன்றியிருந்ததால், தனக்குப் பதிலாக அந்தச் சடங்கைச் செய்யும்படி போதிசேனரைக் கேட்டுக்கொண்டார். அவர் தூரிகையால் கண்மணியைத் தீட்டினார். தூரிகையில் கட்டியிருந்த நீண்ட நீலப் பட்டுக் கயிற்றைக் கூடியிருந்தவர்கள் பிடித்துக்கொண்டு புண்ணியத்தில் பங்கு பெற்றார்கள்.

போதிசேனர் மதுரைக்காரர் என்று இணையத்தில் அடித்துச் சொல்கிறார்கள். அவருடைய சீடர் எழுதிவைத்த நினைவுரையோ தென்னிந்தியப் பிராமணர் என்ற அளவில் நின்றுவிடுகிறது. எனக்கு அதுவே போதும். மதுரையைச் சேர்த்து அவரை நம் பக்கத்து வீட்டுக்காரராக்கிக்கொள்ள எந்த அவசியமும் இல்லை.

சிலையின் முன் நின்றபோது வேறொன்றுதான் மனத்தை அரித்தது. 1180-இல் போரில் மண்டபம் எரிந்தது. 1567-இல் மறுபடி எரிந்து, புத்தரின் தலை விழுந்தது. இப்போதுள்ள தலை பதினேழாம் நூற்றாண்டின் கடைசியில் வார்த்தது. மண்டபம் 1709-இல் கட்டியது, பழையதைவிட அகலம் குறைவு. போதிசேனர் திறந்த கண்கள் இன்று இல்லை! பீடத்துத் தாமரை இதழ்கள் சிலவும் இன்னும் சில பகுதிகளும்தான் அந்தக் காலத்தவை. ஆனால் தூரிகை இருக்கிறது. மண்டபத்துக்குப் பின்னால் ஷோசோயின் என்ற மரக் கருவூலத்தில் அதைப் பத்திரப்படுத்தினார்கள். 1185-இல் சிலையைச் சீரமைத்தபோது துறவு பூண்ட பேரரசர் கோ-ஷிரகவா அதே தூரிகையை வெளியே எடுத்துத் தம் கையால் கண் திறந்தார். வெண்கலம் உருகிப் போக, தூரிகை பிழைத்துக்கொண்டது.

வெளியே வரும் வழியில், தாழ்வாரத்தில், சிவப்புத் துணி போர்த்திய மரச்சிலை ஒன்று உட்கார்ந்திருக்கிறது. புத்தரின் சீடரான பிண்டோல பாரத்வாஜர். நமக்கு வலிக்கும் இடத்தை அவர் உடம்பில் தடவிவிட்டு நம் உடம்பில் தடவிக்கொண்டால் வலி போகுமாம். ஒரு பாட்டி அவர் முழங்காலைத் தடவினார், தன் முழங்காலைத் தடவினார், கொஞ்சம் யோசித்து இடுப்பையும் தடவிக்கொண்டார். பாரத்வாஜரின் முழங்கால் தேய்ந்து வழவழவென்று இருக்கிறது.

ஷோசோயினை வெளியிலிருந்துதான் பார்க்கலாம். உள்ளே இருந்த பொருள்களில் சிலவற்றை ஆண்டுதோறும் இலையுதிர் காலத்தில் நாரா தேசிய அருங்காட்சியகத்தில் காட்டுகிறார்கள். பெரிய மண்டபத்தின் பின்பக்கமாக வளைந்து ஏறும் கல்பாவிய தெரு எனக்கு நாராவிலேயே மிகவும் பிடித்தது: இரு பக்கமும் மண்சுவர், சுவருக்குள் பழைய ஓடுகள் வரிவரியாகப் பதிந்திருக்கின்றன. தெரு முடியும் இடத்தில் நிகட்சுடோ என்ற கோயில் மண்டபம். மலைச்சரிவில் தொங்கும் அதன் திண்ணையிலிருந்து ஊர் முழுவதும் தெரியும், கட்டணம் கிடையாது. மார்ச் மாதத்தில் இங்கே தீப்பந்தங்களோடு நடக்கும் விழா 752-இலிருந்து ஓர் ஆண்டுகூட விட்டுப்போகவில்லை என்கிறார்கள்.

காசுகா கோயிலின் மூவாயிரம் விளக்குகளைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். நான் சொல்ல விரும்புவது அங்கிருந்து தெற்கே இறங்கும் காட்டுப்பாதையை. வழியெங்கும் அசெபி என்ற குட்டை மரங்கள். இலை நஞ்சு என்பதால் மான் அதைத் தொடுவதில்லை. மற்ற செடிகளை மேய்ந்துவிட, அசெபி மட்டும் காடாக வளர்ந்து நிற்கிறது.

பாதை முடிந்து மேற்கே நடந்தால் நாராமாச்சி: வாசல் குறுகி உள்ளே நீளும் பழைய வணிகர் வீடுகள், மரச்சட்ட ஜன்னல்கள், திருஷ்டி கழிக்க வாசலில் தொங்கும் சிவப்புத் துணிக் குரங்குப் பொம்மைகள். சைவம் சாப்பிடுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: காய்கறிச் சாப்பாடு என்று எழுதியிருந்தாலும் சூப்பில் மீன் சாறு இருக்கக்கூடும். இங்குள்ள நாராசுகே ஊறுகாய் தாராளமாகச் சாப்பிடலாம், ஆனால் அரிசி மதுவின் சக்கையில் நெடுங்காலம் ஊறிய வெள்ளரி இனக் காய் அது. கரும்பழுப்பு நிறம், வாயில் போட்டதும் மது வாடை தூக்கியடிக்கும்.

இந்தச் சந்துகளெல்லாம் ஒரு காலத்தில் கங்கோஜி கோயிலின் வளாகம். கோயில் சுருங்கிச் சுருங்கி இப்போது கூட்டமில்லாத ஒரு முற்றமாக இருக்கிறது. அதன் கூரையின் ஒரு பகுதியில் செம்பழுப்பும் சாம்பலுமாக ஓடுகள் கலந்து கிடக்கின்றன. அவற்றில் சில, நாராவுக்கு முன் தலைநகரப் பகுதியாக இருந்த அசுகாவில் ஆறாம் நூற்றாண்டின் இறுதியில் கட்டிய மூலக் கோயிலிலிருந்து பெயர்த்து வந்தவை. இன்றும் மழையில் நனைந்துகொண்டு வேலை பார்க்கின்றன. அவை மண்டபத்தின் பின்பக்கம் போனால்தான் தெரியும். மாலை 4.30-க்குமேல் உள்ளே விடுவதில்லை என்பதால், நாராமாச்சிக்கு வந்ததும் முதலில் இங்கே போய்விட்டு, ஊறுகாய்க் கடையைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.