நாலு எம்பிபிஎஸ் லைனில் கேம்: புளியரையிலிருந்து சில சோதனைகள்

எங்கள் வீட்டு இன்டர்நெட்டுக்குப் பெயர் என்னவோ 20 எம்பிபிஎஸ் (நொடிக்கு 20 மெகாபிட்) பிளான்தான். சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் ஸ்பீடு டெஸ்ட் போட்டால் 4 வரும், நல்ல நாளில் 5. அப்லோடு 1-ஐத் தாண்டினால் அன்றைக்கு விசேஷம். கேரள எல்லையை ஒட்டிய எங்கள் புளியரையில் கம்பத்துக்குக் கம்பம் தொங்கி வரும் உள்ளூர் கேபிள் லைன் இது. வேறு யாரும் இந்தத் தெருவுக்கு இன்னும் வயர் இழுக்கவில்லை. கேபிள்காரரிடம் கேட்டால், "எல்லாரும் ஒரே நேரத்துல பாக்காங்க தம்பி, நான் என்ன செய்ய?" என்கிறார். அதுவும் நியாயம்தான். சரி, வெளியே ஒன்றும் மாறப் போவதில்லை, வீட்டுக்குள்ளே எதை மாற்றலாம் என்று பார்த்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

விளையாடுவது கவுன்ட்டர் ஸ்ட்ரைக் 2, பழைய லேப்டாப்பில். தம்பி போனில் பிஜிஎம்ஐ. இரண்டும் ஆன்லைன் துப்பாக்கி கேம். இரண்டுக்குமே வேகம் அதிகம் தேவையில்லை. இந்த மாதிரி கேம்கள் அனுப்புவதும் வாங்குவதும் சின்னச் சின்னத் தரவுத் துண்டுகள், அதாவது பாக்கெட்டுகள். அதற்கு 4 எம்பிபிஎஸ் தாராளம். பிரச்சினை, அந்தப் பாக்கெட் போய்த் திரும்ப எவ்வளவு நேரம் ஆகிறது, அந்த நேரம் எவ்வளவு ஆடுகிறது, வழியில் எத்தனை தொலைகிறது என்பதில்தான். பிங், அதாவது அந்தப் போய்வரும் நேரம், சீராக 60 மில்லி விநாடி இருந்தால் விளையாடிவிடலாம். 30-க்கும் 300-க்கும் நடுவே குதித்தால் ஒன்றும் செய்ய முடியாது.

முதலில் அளவு. கமாண்ட் பிராம்ப்ட்டில் இரண்டு ஜன்னல் திறந்தேன். ஒன்றில் ரவுட்டருக்கு பிங், அதாவது 192.168.1.1. இன்னொன்றில் வெளியே கூகுளின் 8.8.8.8 சர்வருக்கு. இரண்டையும் நிற்காமல் ஓடவிட்டுப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கோளாறு வீட்டுக்குள்ளா வெளியிலா என்று உடனே பிரிந்துவிடும். முதல் ஜன்னலிலேயே 3, 2, 47, 4, 112 என்று ஓடியது. ரவுட்டர் பக்கத்து அறையில்தான் இருக்கிறது, அங்கே போய் வரவே 112 மில்லி விநாடி! நடுவில் இருப்பது தாத்தா காலத்துக் கருங்கல் சுவர், வைஃபை 2.4 கிகாஹெர்ட்ஸ்.

தென்காசியில் ஒரு கடையில் 20 மீட்டர் லேன் கேபிள் வாங்கி, சுவரோரம் கிளிப் அடித்து இழுத்தேன். முதல் ஜன்னலில் வரிசையாக 1, 1, 1. எந்த செட்டிங்கைத் தொடுவதற்கும் முன்னால் இதைத்தான் செய்ய வேண்டும். போனுக்குக் கேபிள் மாட்ட முடியாது என்பதால் தம்பிக்கு மட்டும் சேனலை மாற்றிக் கொடுத்தேன். 2.4-இல் ஒன்றோடொன்று மேலே விழாதவை 1, 6, 11 மூன்றுதான். பக்கத்து வீடுகள் எல்லாம் 6-லும் 1-லும் குவிந்திருந்தன, நாங்கள் 11-க்குப் போனோம். 5 கிகாஹெர்ட்ஸ் அந்தக் கருங்கல்லைத் தாண்டவே மாட்டேன் என்றது.

இரண்டாவது ஜன்னலுக்கு வருவோம். யாரும் எதுவும் பார்க்காத நேரத்தில் 30 பக்கம் நின்றது. இது நல்ல எண்ணா? கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். இங்கிருந்து சென்னை நேர்கோட்டில் ஏறக்குறைய 560 கிலோமீட்டர், போய்வர 6 மில்லி விநாடிக்குள் முடிந்துவிட வேண்டும். மும்பைக்குச் சுமார் 1,200, அதற்கு 12. கேபிள் நேர்கோட்டில் போவதில்லை, வழியில் எத்தனையோ பெட்டிகளில் ஏறி இறங்குகிறது என்பதால் 30 மோசமில்லை. கவுன்ட்டர் ஸ்ட்ரைக்குக்கு சென்னையிலும் மும்பையிலும் சர்வர் இருப்பது நமக்கு வசதி. செட்டிங்கில் ஏற்கத்தக்க அதிகபட்ச பிங் என்று ஒன்று உண்டு, அதை 80-க்கு இறக்கி வைத்தால் தூரத்துச் சர்வர்களுக்குத் தள்ளிவிடாது.

ஆனால் ஏழு மணிக்கு மேல் இதே ஜன்னலில் 34, 38, 410, 655, 702. விநாடிக்கு ஒரு வரியாக இந்த எண்கள் ஏறுவதைப் பார்க்கப் பார்க்க எரிச்சல் வரும். யார் காரணம் என்று ஒவ்வொரு போனாக வைஃபையை அணைத்துப் பார்த்ததில் சிக்கியது அக்காவின் போன். சித்தி மகள் கல்யாணத்தில் எடுத்த வீடியோக்கள் எல்லாம் சாயங்காலம் சார்ஜ் போட்டதும் தானாக மேலே ஏறிக்கொண்டிருந்தன. டவுன்லோடு காலியாகத்தான் இருந்தது, அடைத்துக்கொண்டது அப்லோடு.

நம்ம ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது சுலபம். புளியரை செக்போஸ்ட்டில் லாரிகள் வரிசை கட்டி நிற்கும்போது, கடைசியில் வந்து சேரும் டிவிஎஸ் 50-யும் அதே வரிசையில் நிற்க வேண்டும் என்றால் எப்படி இருக்கும்? ரவுட்டருக்கும் மோடத்துக்கும் உள்ளே அதுதான் நடக்கிறது. அனுப்ப முடியாததை எல்லாம் கீழே போடாமல் நினைவகத்தில் அடுக்கி வைத்துக்கொள்கிறது. 1 எம்பிபிஎஸ் அப்லோடில் 64 கிலோபைட் தேங்கினாலே அது கரைய அரை விநாடி ஆகும். என் துப்பாக்கி சுட்ட செய்தி அந்த அரை விநாடிக்குப் பின்னால்தான் கிளம்பும். அதற்குள் ஆள் செத்துக் கிடப்பேன். ஜிம் கெட்டிஸ் என்பவர் 2010 வாக்கில் இதை விரிவாக ஆராய்ந்து பஃபர்ப்ளோட் என்ற பெயரைப் பரப்பினார். வரிசையைக் குட்டையாக வைக்கும் கோடெல் என்ற முறையை 2012-இல் கேத்லீன் நிக்கோல்ஸும் வான் ஜேக்கப்சனும் கொண்டுவந்தார்கள். அதன் வழிவந்த கேக் என்பது 2018-இல் லினக்ஸ் 4.19-இலேயே சேர்ந்துவிட்டது. தீர்வு எப்போதோ வந்துவிட்டது, வீட்டு ரவுட்டர்களுக்குத்தான் வந்து சேரவில்லை.

எங்கள் ரவுட்டரில் கியூஓஎஸ் என்று ஒரு பக்கம் இருந்தது. லேப்டாப்புக்கு முன்னுரிமை என்று டிக் அடித்தேன். பெரிய மாற்றம் இல்லை, வரிசை மோடத்தில் அல்லவா நிற்கிறது. அதனால் ஓப்பன்-டபிள்யூஆர்டி என்ற ரவுட்டருக்கான இலவச மென்பொருளை ஏற்றக்கூடிய செகண்ட் ஹேண்ட் ரவுட்டர் ஒன்று வாங்கினேன். வாங்குகிறவர்கள் பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் வெர்ஷன் எண்ணைப் பார்த்து வாங்குங்கள். ஒரே மாடல் பெயரில் வெர்ஷனுக்கு வெர்ஷன் உள்ளே வேறு சிப் இருக்கும், ஒன்றுக்கு உரிய ஃபர்ம்வேர் (உள் மென்பொருள்) இன்னொன்றுக்கு ஏறாது.

அதில் வரிசையைக் கட்டுப்படுத்தும் எஸ்கியூஎம் என்ற பொதியை நிறுவி, வரிசை முறைக்கு கேக்கைத் தேர்ந்தெடுத்து, டவுன்லோடு 3500 கிலோபிட், அப்லோடு 800 என்று வைத்தேன். ஒவ்வொரு பாக்கெட்டோடும் ஒட்டி வரும் கூடுதல் பைட்டுகளுக்கான ஓவர்ஹெட் 44, கொஞ்சம் தாராளமாகவே. லைன் தருவதைவிடக் குறைத்து வைப்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. அப்போதுதான் நெரிசல் மோடத்துக்குப் போகாமல் நம் ரவுட்டரிலேயே நிற்கும், நம் ரவுட்டருக்கு அதைப் பிரித்து விடத் தெரியும். எண்ணைக் கண்டுபிடிக்க, வேண்டுமென்றே அக்கா போனில் வீடியோக்களை ஏற்றவிட்டு, அப்லோடை 600-இலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டே பிங் ஜன்னலைப் பார்த்தேன். 850 தாண்டியதும் பிங் 90, 140 என்று நகர ஆரம்பித்தது. 800-க்குத் திரும்பினேன். வீடியோ ஏறிக்கொண்டிருக்கும்போதே இரண்டாவது ஜன்னலில் 36, 41, 38. அதைப் பார்த்த தம்பி என் லேப்டாப்பைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டான்.

இதற்கு விலை உண்டு. ஸ்பீடு டெஸ்ட் முன்பைவிடக் குறைவாகத்தான் காட்டும். அம்மாவின் யூடியூப் சீரியல் 480-க்கு இறங்கிவிட்டது.

"என்னல, ஆளு மூஞ்சியே மங்கலாத் தெரியுது?"

"லைன் அப்படிம்மா."

"நேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு?"

அம்மாவிடம் கேக்கை விளக்க முடியவில்லை. ஆனால் அக்கா கட்சி மாறிவிட்டாள். அத்தான் துபாயிலிருந்து பேசும்போது முன்பு முகம் நின்று நின்று வரும், இப்போது அப்படி இல்லை. வீடியோ காலும் கேம் மாதிரிதான், அதற்கும் வரிசை குட்டையாக இருந்தால் போதும்.

இரவு பதினொன்றுக்கு மேல் லைன் 15 வரை ஏறுகிறது, அப்போதும் 3500-இலேயே கட்டிப்போடுவது அநியாயம். மாலை ஆறரைக்கு இறக்கவும், பதினொன்றுக்கு ஏற்றவும் குறித்த நேரத்தில் கட்டளையைத் தானாக ஓட்டும் கிரானில் இரண்டு வரி போட்டு வைத்தேன். அம்மா அதற்குள் தூங்கிவிடுகிறார் என்பது வேறு விஷயம்.

மற்றவற்றைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ்ஸை 1.1.1.1 என்று மாற்றினால் பக்கங்கள் திறப்பது கொஞ்சம் மாறலாம், மேட்ச் நடுவில் பிங் மாறாது. பெயரைத் தேடுவது தொடக்கத்தில் ஒரு தடவைதானே. விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியில், சின்னப் பாக்கெட்டுகளைச் சேர்த்து அனுப்பும் நாகிள் அல்காரிதத்தை அணைக்கச் சொல்லி எத்தனையோ வீடியோ இருக்கிறது. ஜான் நாகிள் 1984-இல் எழுதியது டிசிபி என்ற அனுப்பும் முறைக்கு, துப்பாக்கி கேம்கள் பெரும்பாலும் பயன்படுத்துவது யுடிபி என்ற வேறு முறை. கேம் பூஸ்டர் ஆப்கள் விளம்பரம் காட்டின, அவ்வளவுதான். எம்டியு (ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு) மட்டும் பார்க்கத் தகுந்தது. துண்டாக்காதே என்று சொல்லி பிங் அனுப்பியதில் 1472 பைட் போகவில்லை, 1464 போனது. தலைப்பு 28 சேர்த்தால் 1492, பிபிபிஓஈ என்ற, பயனர்பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்து இணையும் லைனுக்குச் சரியான எண். ரவுட்டரில் ஏற்கெனவே அதுதான் இருந்தது. விண்டோஸ் அப்டேட்டில் டெலிவரி ஆப்டிமைசேஷனை அணையுங்கள். இல்லாவிட்டால் உங்கள் அப்லோடில் ஊராருக்கு அப்டேட் போய்க்கொண்டிருக்கலாம். கேமிலேயே பாக்கெட் இழப்பைச் சமாளிக்க ஒன்று அல்லது இரண்டு பாக்கெட் சேர்த்து வைக்கும் வசதி உண்டு. கவுன்ட்டர் ஸ்ட்ரைக் சர்வர் நொடிக்கு 64 தடவை (64 டிக்) நிலையைப் புதுப்பிப்பதால் ஒரு பாக்கெட்டுக்குச் சுமார் 16 மில்லி விநாடி தாமதம் கூடும். காற்று பலமான நாட்களில் ஒன்று வைக்கிறேன்.

காற்று என்றதும் ஆடி மாதம். சாரலோடு கணவாய்க் காற்று வந்தால் எங்காவது ஒரு தென்னை மட்டை கேபிள் மேல் விழுந்து லைன் போய்விடும். அப்போது போன் டேட்டாதான். ஹாட்ஸ்பாட் போடாமல் யுஎஸ்பி கேபிளில் இணைத்தால் ஒரு வைஃபை தொல்லை மிச்சம். ஆனால் எங்கள் ஊரில் வேறு ஒரு கூத்து உண்டு. மேற்கு ஜன்னல் பக்கம் போனை வைத்தால் கேரளா டவரைப் பிடித்துக்கொண்டு நல்வரவு மெசேஜ் அனுப்பும். கொஞ்சம் நகர்த்தினால் மறுபடி தமிழ்நாடு. ஒரே கம்பெனிதான், ஆனால் இந்தியாவில் தொலைத்தொடர்பு வட்டத்துக்கு வட்டம் தனி நெட்வொர்க் எண், 404 அல்லது 405-இல் தொடங்கும். போனுக்கு அது வேறு நெட்வொர்க். தாவும்போதெல்லாம் சில விநாடிக்குத் திரை உறைந்துவிடும், திரும்பி வந்து பார்த்தால் ரவுண்டு முடிந்திருக்கும்.

மொபைல் நெட்வொர்க் செட்டிங்கில் தானாகத் தேர்ந்தெடுப்பதை அணைத்துவிட்டுத் தேடச் சொன்னால் அதே கம்பெனி பெயர் இரண்டு தடவை வரும். இரண்டையும் பிங் போட்டுப் பார்த்து, குறைவாக ஆடும் பக்கத்தைப் பிடித்துக்கொள்ளலாம். எங்களுக்கு தமிழ்நாட்டு டவர் 55 முதல் 70, கேரளா டவர் 50-இலும் வரும், 200-இலும் வரும். போனை கிழக்கு ஜன்னல் கம்பியில் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி, 4ஜி மட்டும் என்று வைத்தபின் தாவல் நின்றது. எங்கள் டீமில் புனலூர்க்காரர் ஒருவர் இருக்கிறார். "சேட்டா, உங்க டவர் எங்க வீட்டுக்குள்ள வருது" என்றால், "எடா, வாடகை கொடு" என்கிறார்.

தொடர்ந்து வேகம் மாறும் லைனில் கேக்கின் எண்ணைத் தானாக ஏற்றி இறக்கும் ஸ்கிரிப்ட் ஒன்று ஓப்பன்-டபிள்யூஆர்டிக்கு இருக்கிறது. பிங்கை அளந்துகொண்டே எண்ணை மாற்றும். கிரானை எடுத்துவிட்டு அதைப் போட்டுப் பார்க்க வேண்டும், முக்கியமாக போன் டேட்டாவுக்கு. அதற்கு முன்னால் ரவுட்டருக்கு ஒரு 12 வோல்ட் மினி யுபிஎஸ். கரண்ட் போய் வந்தால் இந்த ரவுட்டர் மறுபடி எழுந்திருக்க இரண்டு நிமிஷம் எடுத்துக்கொள்கிறது, சாரல் முடிகிற வரைக்கும் கரண்ட் போகாமல் இருக்கப் போவதில்லை.