ஐந்து கார்கள்

2021ஆம் ஆண்டு ஃபார்முலா 1 கார் பந்தயத் தொடரின் இறுதிப் போட்டியான அபுதாபி கிராண்ட் பிரீயின் கடைசிச் சுற்றை இன்று காலை மீண்டும் பார்த்தேன்; இம்முறை என் கண் முதலிடத்தில் இருந்த ஹாமில்டன் மீதோ இரண்டாமிடத்தில் இருந்த வெர்ஸ்டாப்பன் மீதோ நிற்கவில்லை.

மூன்றாம் இடத்தில் இருந்த கார்லோஸ் சைன்ஸ் மீது நின்றது.

லத்திஃபி என்ற ஓட்டுநரின் கார் சுவரில் மோதியதால், எல்லாரையும் தன் பின்னால் மெதுவாக ஓடவைக்கும் பாதுகாப்புக் கார் வந்தபின், ஹாமில்டனுக்கும் வெர்ஸ்டாப்பனுக்கும் இடையே இருந்த, ஒரு சுற்று பின்தங்கிய ஐந்து கார்கள் மட்டுமே அதை முந்திச் செல்ல அனுமதிக்கப்பட்டன. வெர்ஸ்டாப்பனுக்கும் சைன்ஸுக்கும் இடையே நின்ற, அதேபோல் பின்தங்கிய ரிக்கார்டோவும் ஸ்ட்ரோலும் அப்படியே விடப்பட்டார்கள்.

முன்னால் இருவருக்குப் பாதை திறந்தது. மூன்றாமவருக்கு அது மூடியே கிடந்தது.

வெர்ஸ்டாப்பன் அந்த ஆண்டு பட்டத்துக்குத் தகுதியானவர் என்பதில் எனக்கு எள்ளளவும் ஐயமில்லை. புதிய மென்டயர்களோடு ஐந்தாம் வளைவில் அவர் ஹாமில்டனை முந்தியது துணிச்சலான ஓட்டம்தான். ஆனாலும், அந்தப் பந்தயத்துக்கு 369.5 புள்ளிகளில் சமமாக வந்த இருவரின் போட்டியை முடிக்க, பின்தங்கிய கார்களை முந்தவிடும் விதியைப் பாதி மட்டும் நடைமுறைப்படுத்தியது எனக்கு இன்றும் வலிக்கிறது.

பின்னர் விதியின் வாசகம் ‘அனைத்துக் கார்களும்’ என்று திருத்தப்பட்டது. சைன்ஸுக்கு அந்தச் சுற்று திரும்பக் கிடைக்கவில்லை.